தடுப்பூசி நம் வீட்டு விஷயம் மட்டும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"என் பிள்ளைக்கு ஊசி போடுவதும் போடாததும் என் இஷ்டம், இதில் அடுத்தவருக்கு என்ன வேலை" என்ற பேச்சு இப்போது படித்தவர்கள் வாயிலேயே அதிகம் வருகிறது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்கிறேன், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பார்க்கிறேன், ராத்திரி எட்டு மணி டிவி விவாதத்திலும் அதையே ஒரு கருத்தாக வைத்து ஒருவர் பேசுகிறார், எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டர் பதில் சொல்லி முடிப்பதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

தட்டம்மையையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் மணல்வாரி என்பார்கள். தடுப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடிய நோய் அது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். அரசு அட்டவணைப்படி முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது ஊசி 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள். அப்படியானால் ஏழு மாதக் குழந்தைக்கு யார் காவல்? ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போடவே முடியாது, அந்தப் பிள்ளைக்கு யார் காவல்? சுற்றி இருக்கிற மற்ற பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டிருப்பதுதான் காவல். நூறு பேரில் 95 பேருக்காவது தடுப்பு இருந்தால்தான் இந்த நோய் ஊருக்குள் பரவ வழி இல்லாமல் நிற்கும். அந்த 95 பேரில் ஒருவராக இருக்க மாட்டேன் என்று சொல்பவர் தன் பிள்ளையை வைத்து மட்டும் முடிவெடுக்கவில்லை, பக்கத்து வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் சேர்த்து முடிவெடுக்கிறார். அந்தக் குழந்தையின் அம்மாவை யாரும் கேட்கவில்லை.

நம் பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். பார்த்ததும் வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்காரர்களும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை விசேஷம், துக்கம் எதற்கும் போக மாட்டார்கள். மாரியம்மன் மேல் பக்தி, பயம் எல்லாம் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டு நோய் அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது என்ற பொறுப்பும் அதில் இருந்தது. கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் அவர்கள் கடைப்பிடித்ததை, எல்லாம் தெரிந்த நாம் "தனிப்பட்ட விருப்பம்" என்று சொல்லித் தட்டிக் கழிக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொரோனா தடுப்பூசி வழக்கில் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் அவரவர் உரிமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சமூகத்தின் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது, அந்தப் பாதியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. அந்தத் தீர்ப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். போலீஸை வைத்துக் கையைப் பிடித்துப் போடுகிற ஊசி நம்பிக்கையை வளர்க்காது. அதனால்தான் இதைக் கடமை என்கிறேன். வரிசையில் நின்று ஓட்டுப் போடுவதையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, போகிறோம் இல்லையா?

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 9 மாதத்திலிருந்து 15 வயதுக்குள் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும், பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே. முகாம் தொடங்குவதற்கு முன்பே செல்போனில் வதந்தி வந்து சேர்ந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்காது, ஆட்டிசம் வரும், வெளிநாட்டுக் கம்பெனி நம் பிள்ளைகள் மேல் சோதனை செய்கிறது என்று விதவிதமாக. ஊசி போடும் நாளில் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. எங்கள் பள்ளிக்கு ஒரு தகப்பனார் வந்தார், லாரி ஓட்டுகிறவர். "டீச்சர், நான் சரின்னு சொல்லி, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று நேராகக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் கிராம சுகாதார செவிலியர் அவரை உட்கார வைத்து, ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இங்கேயே வைத்துப் பார்ப்போம், காய்ச்சல் வரலாம், தடிப்பு வரலாம், வந்தால் இன்ன மாத்திரை, அதற்கு மேல் ஏதாவது என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள், ராத்திரி என்றாலும் எடுப்பேன் என்று சொன்னார். அந்த மனிதர் மறுநாள் இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வந்தார். விளம்பரத் தட்டி எத்தனை வைத்தாலும் வராத நம்பிக்கை அந்த ஒரு போன் நம்பரில் வந்தது.

ஆட்டிசம் கதை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1998இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதுபோல் ஒரு கட்டுரை எழுதினார், லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, அதே வருஷம் அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். அதற்கப்புறம் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்தும் அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் பொய் மட்டும் கட்டுரையைத் திரும்பப் பெற்று ஏழு வருஷம் கழித்து நாமக்கல் மாவட்டத்து வாட்ஸ்அப்பில் தமிழில் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் இது கோழிப்பண்ணைகள் நிறைந்த ஊர். கோழிகளுக்கு வரும் ராணிக்கெட் நோய்க்குக் குறித்த நாள் தவறாமல் பண்ணை முழுவதற்கும் தடுப்பு மருந்து கொடுக்கிறோம், ஒரு ஷெட்டை விட்டுவிட்டாலும் என்ன ஆகும் என்று இங்கே சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

இனி கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். தடுப்பூசியால் எப்போதும் எதுவும் ஆகாது என்று சொன்னால் அது பொய். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தத் தாய்மார்களிடம் போய்ப் புள்ளிவிவரம் பேச யாராலும் முடியாது. மருந்தில் கோளாறா, கலப்பதில் கோளாறா, கவனக்குறைவா என்பதை அரசு தயங்காமல் விசாரித்து மக்களிடம் சொல்ல வேண்டும், அது அரசின் கடமை. மக்களின் கடமையைப் பேசும்போது அரசின் கடமையை விட்டுவிட்டுப் பேசினால் அது உபதேசம்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பசிபிக் கடலில் சமோவா என்ற தீவு நாட்டில் நடந்தது அப்படி. மொத்த மக்கள்தொகையே இரண்டு லட்சம்தான். 2018 ஜூலையில் அங்கே தட்டம்மை ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஊசி மருந்து பொடியாக வரும், அதற்கென்று உள்ள நீரில் கலக்க வேண்டும். நர்சுகள் தவறுதலாக, அறுவை சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் வேறு ஒரு மருந்தில் கலந்துவிட்டார்கள். பிழை மனிதர்களுடையது, தடுப்பு மருந்தில் குற்றம் இல்லை. இரண்டு நர்சுகளுக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அரசு பல மாதங்கள் ஊசித் திட்டத்தையே நிறுத்தி வைத்தது, அந்த இடைவெளியில் வெளிநாட்டுத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் ஃபேஸ்புக் வழியாக உள்ளே புகுந்தார்கள், ஊசி போட்ட குழந்தைகளின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 2019 கடைசியில் நியூசிலாந்திலிருந்து தட்டம்மை வந்து சேர்ந்தது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கிற வீடுகள் வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, அரசு ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள். இரண்டு மரணத்தில் வந்த பயம் எண்பதுக்கும் மேற்பட்ட மரணத்தில் போய் முடிந்தது. திருவள்ளூருக்குப் பிறகு நம் மாநிலத்தில் கொஞ்ச காலம் டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் என்று மாற்றினார்களே தவிர ஊசியையே கைவிடவில்லை. அந்த நிதானத்துக்காக நம் சுகாதாரத் துறைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சமோவாவில் நோய் பரவுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 ஜூனில், அங்கே போய்த் தடுப்பூசி எதிர்ப்பாளர்களைச் சந்தித்தவர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர். இன்று உலகத்தின் பணக்கார நாடான அமெரிக்காவில் சுகாதாரத் துறை அவர் கையில். 2025 ஜூனில் அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே அடியாக நீக்கினார். அதே ஆண்டு ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற அன்றே உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையில் கையெழுத்துப் போட்டிருந்தார். அங்கே நிலைமை என்ன? 2000இல் தட்டம்மையை ஒழித்துவிட்டோம் என்று அறிவித்த நாட்டில், டெக்சாஸில், அதே 2025இல் இரண்டு குழந்தைகள் தட்டம்மையால் இறந்தார்கள். இரண்டு பேரும் ஊசி போடாதவர்கள். அந்த நாட்டில் பணம் இல்லையா, ஆஸ்பத்திரி இல்லையா, படிப்பு இல்லையா? தடுப்பூசியைக் கட்சிக் கொடி ஆக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். இந்தக் கட்சி என்றால் போடுவார்கள், அந்தக் கட்சி என்றால் போட மாட்டார்கள். இந்த வியாதி மட்டும் தமிழ்நாட்டுக்கு வந்துவிடக் கூடாது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது இங்கே மாறியதில்லை, அது அப்படியே இருக்க வேண்டும்.

டிரம்ப் கட்சியை மட்டும் சொல்லவில்லை. ஒபாமா காலத்தில் 2011இல் அபோட்டாபாத்தில் பின்லேடன் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ஒரு பாகிஸ்தான் டாக்டரை வைத்துப் பெயருக்கு ஒரு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் நடத்தியது. பின்லேடனைக் கண்டுபிடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கி வருகிறவர் உளவாளியாக இருக்கலாம் என்ற சந்தேகம் அங்கே நிலைத்துவிட்டது. 2012 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள், அதற்கப்புறமும் கொலைகள் தொடர்ந்தன. இனிமேல் தடுப்பூசி முகாமை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை சொன்னது 2014இல். உலகத்தில் இயற்கை போலியோ வைரஸ் இன்னும் ஒழியாமல் சுற்றுகிற நாடுகள் இரண்டுதான், பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும். எல்லாப் பழியும் சிஐஏ மேல் இல்லை, தாலிபான்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. என்றாலும் அந்த ஒரு செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெரிய நாடுகள் நினைத்தால் நடத்தியும் காட்டியிருக்கிறார்கள். பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்று 1958இல் முன்மொழிந்தது சோவியத் யூனியன், கோடிக்கணக்கில் மருந்து கொடுத்ததும் அவர்கள். 1967 முதல் அந்த வேலையைத் தலைமை தாங்கி நடத்தியவர் டி.ஏ. ஹென்டர்சன் என்ற அமெரிக்கர். ஒருவரை ஒருவர் அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது! இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல், உலகத்துக்கே நிம்மதி 1980இல். நம் தலைமுறைக்குப் பிறகு பிறந்தவர்கள் முகத்தில் அம்மைத் தழும்பைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். இலங்கையில் போர் நடந்த காலத்திலும் போலியோ சொட்டு மருந்துக்காக இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்திய நாட்கள் உண்டு. 2024 செப்டம்பரில் காசாவில், 25 வருஷத்துக்குப் பிறகு போலியோவால் ஒரு பத்து மாதக் குழந்தைக்குக் கால் முடங்கிய பிறகு, குண்டு வீச்சை மணிக்கணக்கில் நிறுத்தி ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இடிந்த வீட்டுக்குப் பக்கத்தில் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்த நாட்களில் எந்தத் தமிழ் செய்தி சேனலைத் திருப்பினாலும் ஏவுகணை எங்கிருந்து எங்கே பாய்ந்தது என்ற அனிமேஷன் படம்தான், அந்த வரிசையை நான் டிவியில் பார்த்தது வெகு சில நொடிகள்.

டிவியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோரும் பார்க்க கொரோனா ஊசி போட்டுக்கொண்டு, பயப்படாமல் போடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலை இறந்துவிட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் முழு அடைப்பு என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள், மத்திய அரசின் குழுவும் விசாரித்து ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பு இல்லை என்று பிறகு அறிவித்தது. ஆனால் அன்று நாள் முழுக்கத் திரையின் அடியில் என்ன ஓடியது? நேற்று முன்தினம் ஊசி, இன்று மரணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், மீதியைப் பார்க்கிறவர்கள் மனமே எழுதிக்கொள்ளும். எங்கள் தெருவில் ஊசிக்குக் கிளம்பியிருந்த வயதானவர்கள் பலர் வீட்டோடு நின்றுவிட்டார்கள். அடுத்த மாதமே இரண்டாவது அலை உச்சத்துக்குப் போனது. தன் கடைசிப் பொது வேலையாக அந்த நல்ல மனிதர் எதைச் செய்தாரோ, அதையே அவர் மரணத்தைக் காட்டித் தோற்கடித்தார்கள். குழுவின் முடிவு வந்தபோது அதைச் சில வரிகளில் படித்து முடித்தார்கள்.

2024 மே மாதமும் அப்படியே. கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறையலாம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது என ஒரு வாரம் கத்தினார்கள். அந்த அரிதான பக்க விளைவு 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளிப்படையாகச் சொன்னது. மறைத்து வைத்து இப்போதுதான் அகப்பட்டதுபோல் காட்டியது தவறு. பக்க விளைவைச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை, கட்டாயம் சொல்லுங்கள், எத்தனை பேரில் ஒருவருக்கு, எத்தனை நாளுக்குள், என்ன அறிகுறி, நோய் வந்தால் இதே ஆபத்து எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலை நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு "ஊசி மருந்து எதுவும் வேண்டாம், என் லேகியம் போதும்" என்கிறவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கும் சேனல்கள் இதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்க மாட்டார்களா?

சீரியல் எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளைகாப்பு ஒரு வாரம் ஓடுகிறது, பிரசவம் ஒரு வாரம், பெயர் வைப்பது ஒரு வாரம், நடுவில் குழந்தையைக் கடத்துவதும் உண்டு. அந்தக் குழந்தையை ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டு, ராத்திரி காய்ச்சலில் அழுவதை மடியில் வைத்துச் சமாளிக்கும் ஒரு காட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை. மாமியாரும் மருமகளும் அதில் ஒன்று சேரலாமே. கோடிக்கணக்கான வீடுகளில் பார்க்கிறார்கள், அரசாங்கம் எடுக்கும் விளம்பரப் படத்தைவிட அது மனதில் நிற்கும்.

ஆசிரியர் அவர்களே, கடிதத்தை வெட்டிப் போடுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் இந்தப் பகுதியை மட்டும் விடாமல் போடுங்கள். குழந்தை பிறந்ததும் கொடுக்கிற தடுப்பூசி அட்டையை எடுத்து, 9 மாதத்திலும் அதற்கப்புறம் 16 மாதத்துக்கு மேலும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரூபெல்லா சாதாரண நோய்தானே என்று விடாதீர்கள், கர்ப்பிணிக்கு வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரை வரலாம். ஐந்து வயதில் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசி உண்டு, பெரிய பிள்ளைகள் விஷயத்தில் இது பல வீடுகளில் மறந்தே போகிறது. விட்டுப்போயிருந்தால் தாமதமாகவும் போடலாம், யாரும் திட்ட மாட்டார்கள். ஊசி போடும் இடத்தில் தாய்மார்கள் தைரியமாகக் கேளுங்கள், இந்த மருந்தை எத்தனை மணிக்குக் கலந்தீர்கள் என்று. தட்டம்மை மருந்தைக் கலந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நல்ல செவிலியர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், புட்டியில் எழுதியிருக்கும் நேரத்தைக் காட்டுவார்.

உங்கள் நாளிதழில் தங்கம் விலை தினமும் வருகிறது. செவ்வாய்க்கிழமை தோறும் அந்த இடத்துக்குப் பக்கத்தில், மறுநாள் எந்த ஊரில் எங்கே தடுப்பூசி போடுகிறார்கள் என்று மாவட்டவாரியாக ஒரு சின்னக் கட்டம் போட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாமக்கல் மாவட்டம்